ஹோஸ் எட்டிய தூரம்

"எத்தனை மரம் நட்டிருக்கீங்க?"

பூங்காவில் நாங்கள் தன்னார்வலர்களாகச் செய்யும் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். ரொம்ப நாள் இதற்கு யோசிக்காமலே பதில் சொல்லிவந்தேன்: 110. சொல்லும்போதே மனதுக்கு நிறைவாக இருக்கும். கேட்டவர் முகத்திலும் ஒரு மலர்ச்சி வரும். இப்போது அந்தக் கேள்வி வந்தால் கொஞ்சம் தயங்குகிறேன். 110 என்பது பொய்யில்லை. ஒரே காலைப் பொழுதில் அத்தனையும் நட்டோம், ஒவ்வொரு குழியையும் நானே எண்ணியிருக்கிறேன். ஆனால் பத்து மாதம் கழித்து அதே கன்றுகளை இன்னொரு முறை எண்ண வேண்டி வந்தது. பூங்காவைப் பராமரிப்பது என்றால் இன்னதுதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க அன்றைக்கு ஆட்டங்கண்டுவிட்டது. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று பல தடவை உட்கார்ந்து, பாதியில் எழுந்து போயிருக்கிறேன். இந்தத் தடவை முடித்துவிடுவது என்று இருக்கிறேன்.

நடவு நாள்

அந்த நாளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எண்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியதோடு சரி என்றிருந்தவர்கள் ஒரே குழிக்குள் கைவைத்து மண் அள்ளினார்கள். கடப்பாரையை முதன்முறையாகப் பிடித்தவர்கள் பாதிப்பேர். குழந்தைகள் ஆளுக்கொரு கன்றைத் தேர்ந்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. கடைசியில் எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என் மேசைக்கு எதிரில் இருக்கிறது. அதில் இருக்கும் மகிழ்ச்சி ஒவ்வொன்றும் உண்மையானது. புல் காய்ந்து, மண் இறுகி, யாருக்கும் வேண்டாத இடமாகக் கிடந்த ஒரு பூங்கா, ஒரே காலையில் எங்களுடையதாகிவிட்டது போலத் தோன்றியது.

தண்ணீர் ஊற்றுவதற்கு முறை வைத்துப் பட்டியல் போட்டிருந்தோம். முதல் வாரம் பன்னிரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் ஐந்து பேர். அப்புறம் இரண்டு பேர், பெரும்பாலும் நானும் இன்னொருவரும். இரண்டு மாதம் கழித்து மழை பிடித்துக்கொண்டது, பட்டியலை மறந்தே போனோம். மழை விட்ட பிறகு அதை யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. நானும்தான். வாட்ஸ்அப் குழுவில் சுவருக்கு வண்ணம் அடிப்பது, பிளாஸ்டிக் பொறுக்குவது, நடைபாதை ஓரம் பூச்செடி வைப்பது என்று அடுத்தடுத்த வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாமே ஒரு காலையில் தொடங்கி அந்தக் காலையிலேயே முடிகிற வேலைகள். அப்படிப்பட்ட வேலைகளையே நாங்கள் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது எண்ணிக்கை

அடுத்த நடவுக்கு எத்தனை கன்று கேட்கலாம் என்று முடிவுசெய்ய, முதலில் இருப்பதை எண்ணிவிடுவோம் என்று ஒரு நாள் மாலை நோட்டும் பேனாவுமாகப் போனேன். முன்னரே ஓரளவு தெரியும், சில கன்றுகள் பட்டுப்போயிருக்கும் என்று. இருபது, முப்பது போயிருக்கலாம் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்தேன். எண்ணி முடித்தபோது உயிரோடிருந்தவை 34.

நம்ப முடியாமல் இன்னொரு சுற்று வந்தேன். 34 தான். மீதி 76 இடங்களில் சில குச்சிகளாக நின்றன, சிலவற்றில் குச்சிகூட இல்லை, முட்டுக்கம்பு மட்டும் நின்றது. கன்றே இல்லாத கம்பில் நாங்கள் கட்டிய கயிறு இறுக்கமாகச் சுற்றியபடியே இருந்தது.

ஏன் என்று தெரிய வேண்டுமே. காய்ந்துபோன ஒரு புங்கங்கன்றைப் பிடித்து இழுத்தேன். பத்து மாதம் மண்ணில் இருந்த ஒன்று அவ்வளவு லேசாக வரக்கூடாது. வந்தது, அடிமண்ணோடு, ஒரு கட்டியாக. கையில் எடுத்துப் பார்த்தால் கட்டியைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ மினுங்கியது. நகத்தால் சுரண்டினேன். பிளாஸ்டிக் பை. நர்சரியிலிருந்து கன்று வந்த அதே பை. மேல் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, அடிப்பாகத்தை எடுக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கியிருக்கிறோம். பைக்குள் வேர்கள் வெளியேற வழி தேடி, சுவரைத் தொட்டுத் திரும்பி, வட்டம் வட்டமாகச் சுற்றியிருந்தன. கூடைக்குள் சுருட்டி வைத்த கயிறு மாதிரி. பையின் ஒரு ஓரத்தில் சின்ன ஓட்டை. அது வழியாக ஒரே ஒரு வேர் வெளியே வந்து, விரல் நீளத்துக்கு மண்ணுக்குள் போயிருந்தது. அந்த ஒரு வேரை நான் மறக்கவே முடியாது. அந்தக் கன்று முயற்சி செய்திருக்கிறது.

அன்றைக்குக் குழிகளை மேற்பார்வை பார்த்தவன் நான். பையை முழுக்க உரித்து எடுக்க வேண்டும், சுற்றியிருக்கும் வேர்களைக் கையால் பிரித்துவிட வேண்டும், குழியின் ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, அகலம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எண்பது பேருக்கும் ஒரு தடவை சத்தம்போட்டுச் சொன்னேன். அது போதும் என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒரு தடவை சொன்னது எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேரும்? கூட நின்று ஒவ்வொரு கன்றையும் பார்த்திருந்தால் 110 நட்டிருக்க முடியாது. நாற்பதுதான் முடிந்திருக்கும். நாற்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நானே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் பை மட்டும் காரணமாக இருக்க முடியாது. இன்னும் பத்துப் பதினைந்தைப் பிடுங்கிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் பை சரியாகவே எடுக்கப்பட்டிருந்தது. வேர்கள் கொஞ்சம் பரவவும் தொடங்கியிருந்தன. அப்புறம் காய்ந்திருந்தன. வீட்டுக்குப் போய்ப் பூங்காவின் வரைபடம் ஒன்றைக் கையால் போட்டேன். உயிரோடிருக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் பச்சைப் புள்ளி, செத்ததற்குச் சிவப்புப் புள்ளி. எந்த வகை மரம் பிழைத்தது, எந்தப் பக்கம் மண் நல்ல மண் என்று கண்டுபிடிக்கலாம் என்பது திட்டம். புள்ளிகளை வைத்து முடித்துவிட்டுத் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது, பச்சைப் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரு அரைவட்டமாக இருந்தன. மதில் ஓரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம்தான் அதன் நடு. வேம்பும் பிழைத்திருந்தது, புங்கையும் பிழைத்திருந்தது, எந்த வகையாக இருந்தாலும் அந்த வட்டத்துக்குள் இருந்தால் பிழைத்திருந்தது. வட்டத்துக்குள் மொத்தம் 40 கன்று, அதில் 31 உயிரோடு. செத்த ஒன்பதில் பாதிக்கு மேல் பை உரிக்கப்படாதவை. வட்டத்துக்கு வெளியே 70 கன்று, அதில் பிழைத்தவை மூன்று.

குழாயடியில் எப்போதும் சுருண்டு கிடக்கும் ஹோஸின் நீளம் முப்பது மீட்டர். வட்டத்தின் எல்லையும் முப்பது மீட்டர்தான்.

யார் இழுத்தது?

அடுத்த கேள்வி தானாக வந்தது. நாங்கள் யாரும் போகவில்லை. அப்படியென்றால் அந்த ஹோஸை யார் இழுத்தது?

பூங்காவைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருவர் உண்டு. விடியும் முன்பே வந்துவிடுவார். நாங்கள் நடக்க வரும் நேரத்தில் பாதிப் பூங்காவைக் கூட்டி முடித்திருப்பார். இரண்டு வருடமாகத் தினமும் வணக்கம் சொல்லியிருக்கிறேன். நடவு நாளன்றும் அங்கேதான் இருந்தார், குழந்தைகள் போட்ட காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு. படத்தில் அவர் இல்லை. எங்களில் யாருக்கும் அவரைக் கூப்பிடத் தோன்றவில்லை.

"அக்கா, இந்தக் கன்னுக்கெல்லாம் நீங்களா தண்ணி விட்டீங்க?"

"ஆமா தம்பி. வேலை முடிஞ்சு கை கால் கழுவ வருவேன்ல. அப்படியே ஒரு சுத்து விட்டுட்டுப் போவேன். வாடுறதைப் பாத்துட்டு எப்படிப் போறது?"

"அங்கிட்டு இருக்கறதுக்கு?"

"ஹோஸ் எட்டாது. ரெண்டு மூணு நாள் குடத்துல தூக்கிப் பாத்தேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு." இதைச் சொல்லும்போது ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி அவர் குரல் தாழ்ந்தது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வட்டத்துக்கு வெளியே பிழைத்த மூன்றையும் கேட்டேன். ஒவ்வொன்றையும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒன்று பள்ளத்தில் இருக்கிறது, மழைத்தண்ணீர் அங்கே வந்து தேங்கும். இன்னொன்றுக்குப் பக்கத்தில் பூமிக்கடியில் போகும் குழாய் கசிகிறது. புல் அந்த இடத்தில் மட்டும் பச்சையாக இருப்பதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். மூன்றாவது, பின்வாசல் பக்கத்து வேம்பு. "அது ஸ்கூல் பையன் மரம். சாயங்காலம் போகும்போது பாட்டில்ல மிச்சம் இருக்கற தண்ணிய ஊத்திட்டுப் போவான். லீவு நாள்ல கூட வருவான்."

நான் அந்த மாலை முழுக்கப் பாடுபட்டு, வண்ணப் புள்ளி வைத்துக் கண்டுபிடித்தது அவருக்கு ஏற்கெனவே தெரியும். எது எப்படிச் செத்தது என்றும் தெரியும். எங்கள் குழுவின் கூட்டம் மாதம் ஒரு முறை அவர் கூட்டும் மரத்தடியிலேயேதான் நடக்கும். இந்தப் பூங்காவைப் பற்றி அதிகம் தெரிந்தவர் எங்களைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போவார், நாங்கள் காலைத் தூக்கி வழிவிடுவோம். ஆணவத்தால் செய்ததில்லை. ஆனாலும் செய்தோம். தன்னார்வலர் என்ற சொல்லுக்குள் யார் யாரை வைக்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பது அன்றையிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவர் செய்தால் அது கடமை, நாம் செய்தால் சேவை என்று எங்கேயோ பதிந்துபோயிருக்கிறது. ஆனால் வேலை முடிந்த பிறகு அவர் இழுத்த ஹோஸுக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

இலை குப்பையில்லை

அதற்குப் பிறகு நாங்கள் அவரோடு பேச ஆரம்பித்தோம். பேசப் பேச, நாங்கள் நல்லது என்று நினைத்துச் செய்த இன்னும் சில காரியங்கள் வெளியே வந்தன. அதில் பெரியது இலை. எங்கள் குழு உருவான புதிதில், மரத்தடியில் சருகு குவிந்து கிடக்கிறது, பூங்கா அசுத்தமாக இருக்கிறது என்று புகார் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அதற்கப்புறம் சருகு ஒன்று விடாமல் கூட்டி மூட்டை கட்டச் சொல்லி அவருக்கு உத்தரவு. தரை பளிச்சென்று ஆனது. மண் தெரிந்தது. வெயில் நேராக அந்த மண்ணில் விழுந்தது. ஆட்கள் நடந்து நடந்து அது சிமெண்ட் மாதிரி இறுகியது. மழை பெய்தால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. மரத்துக்கு உணவும் நீரும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான், ஏறக்குறைய அரை மீட்டர் ஆழத்துக்குள்தான் இருக்கிறது. கிளைகளின் நிழலைத் தாண்டியும் அவை பரவுகின்றன. அந்த வேர்களுக்கு மேலே இருந்த போர்வையைத்தான் தினமும் உருவி மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மூடாக்கு என்று சொல்வது இதைத்தான். சருகையும் தழையையும் மரத்தைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குள் பரப்பி வைத்தால் மண்ணில் ஈரம் நிற்கும், களை அடங்கும், மக்கி உரமாகும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தண்டை ஒட்டிக் குவிக்கக்கூடாது. தண்டு வேராக விரிகிற இடம் காற்றுப்பட வெளியே தெரிய வேண்டும். அதை மூடினால் பட்டை அழுகும். நாங்கள் ஆர்வத்தில் முதல் வாரம் மலை மலையாகத் தண்டைச் சுற்றிக் குவித்துவிட்டு, பிறகு தெரிந்து கையால் விலக்கிவிட்டோம்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் டோக்கியோவின் மெய்ஜி ஆலயக் காட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1920-இல் அமைந்த ஆலயம் அது. பெருநகரத்தின் நடுவில் சுமார் 70 ஹெக்டேர். இன்றைக்குப் பார்ப்பவர்கள் பழங்காலக் காடு என்று நினைப்பார்கள், ஆனால் மனிதர்கள் நட்டது. நாடு முழுவதிலிருந்தும் நன்கொடையாக வந்த 1,00,000 அளவிலான மரங்களை, தன்னார்வமாக வந்த இளைஞர்கள் நட்டார்கள். திட்டமிட்டவர்கள் நூறு, நூற்றைம்பது ஆண்டு கழித்து அது எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து வரைந்தார்கள். தாங்கள் பார்க்க முடியாது என்று தெரிந்தே வரைந்தார்கள். என் மனதைத் தொட்டது அதுகூட இல்லை. அங்கே பாதையில் விழும் இலைகளை நீண்ட துடைப்பத்தால் கூட்டுவதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டிய இலையை அவர்கள் வெளியே அனுப்புவதில்லை. அப்படியே மரங்களுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நூறு ஆண்டாக அந்தக் காட்டின் இலை அந்தக் காட்டுக்கே போகிறது. அதைப் படித்த அன்று அக்காவிடம் சொன்னேன். "பின்ன? அதுலேர்ந்து விழுந்தது அதுக்குத்தானே" என்றார், இதில் என்ன புதுசு என்பதுபோல.

இப்போது எங்கள் பூங்காவில் நடைபாதையை மட்டும்தான் கூட்டுகிறோம். சருகு மரத்தடிக்குப் போகிறது. அசுத்தம் என்று இன்னும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு, சருகை ஓரமாக விலக்கி, அடியில் மண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கோடையிலும் அது குளிர்ச்சியாக இருக்கும். தொட்டவர்கள் யாரும் திரும்பப் புகார் சொன்னதில்லை.

ஆளுக்கொரு துண்டு

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 1970-களில் சீரழிந்து கிடந்தது. நகரத்திடம் பணமில்லை, புல்வெளிகள் மண்தரையாகிவிட்டன. 1980-இல் மக்கள் சேர்ந்து அதற்கென ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பூங்கா மீண்ட கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நன்கொடையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1990-களில் அந்த 843 ஏக்கரையும் 49 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டக்காரரைப் பொறுப்பாக்கினார்கள். அந்தப் பகுதியில் புல் காய்ந்தாலும், குப்பை கிடந்தாலும், பெஞ்ச் உடைந்தாலும் கேட்க வேண்டியது அவரை. தன்னார்வலர்கள் அவரோடு சேர்ந்து வேலை செய்வார்கள். அதற்கு முன்பு ஒரு குழு வந்து புல் வெட்டும், இன்னொரு குழு வந்து மரம் வெட்டும், எந்த இடமும் யாருடையதும் இல்லை. படித்தபோது எனக்கு எங்கள் பட்டியல்தான் ஞாபகம் வந்தது. 110 கன்றுக்கும் எண்பது பேரும் பொறுப்பு. அதாவது யாரும் பொறுப்பில்லை. அந்தப் பையனுக்கு மட்டும் ஒரு மரம் இருந்தது.

சரி, நாங்களும் பிரித்தோம். எங்கள் பூங்கா சின்னது, பதினான்கு துண்டு. ஒரு துண்டுக்கு ஒருவர் அல்லது ஒரு குடும்பம். ஒரு துண்டை அக்காவுக்கு என்று வைக்கவில்லை. பதினான்கையும் எப்படிப் பிரிப்பது, யாருக்கு எது என்பதை அவரைக் கேட்டுத்தான் செய்தோம். வயதானவர்களுக்குக் குழாய்ப்பக்கம், ஓடியாடுகிறவர்களுக்குத் தூரம். ஹோஸ் எட்டாத பக்கத்துக்கு இன்னொரு குழாய் கேட்டு நான்கு மாதம் அலைந்தோம். கிடைத்தது. ஒவ்வொரு கன்றையும் சுற்றி வட்டமாகக் கரை கட்டிப் பாத்தி எடுத்தோம். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, மண்ணுக்குள் விரலைவிட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் நிறைய ஊற்றி மெதுவாக இறங்கவிடுவது நல்லது. மேலோட்டமாக நனைத்தால் வேரும் மேலோட்டமாகவே நிற்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நோட்டு. அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. "செவ்வாய். தண்ணீர் விட்டேன். ஏழாம் நம்பரில் புதுத் துளிர். இலையில் பூச்சி, கையால் எடுத்தேன்." இந்த மாதிரி வரிகள்தான் பக்கம் பக்கமாக. நான் இரவில் அவற்றை எடுத்துப் படிப்பேன். நடவு நாள் படத்தைவிட இவற்றை அதிகம் பார்க்கிறேன்.

குழுவில் எல்லோருக்கும் இது பிடித்ததாகச் சொல்ல முடியாது. எங்களோடு ஆரம்பத்திலிருந்து இருக்கும் ஒரு நண்பர் நேராகவே சொன்னார்: "கூட்டம் சேர்க்கிற நிகழ்ச்சியை நிறுத்தினா புது ஆள் வரவே மாட்டாங்க. பதினாலு பேர் வயசாகிப் போயிட்டா அப்புறம் யாரு?" ரொம்ப நேரம் வாதாடினோம். அவர் சொல்வதில் பாதி சரி என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தப் பையன்கூட நடவு நாளில் வந்து தன் கையால் அந்த வேம்பை வைத்தவன்தான். அன்றைக்குக் கூட்டம் கூடாமல் இருந்திருந்தால் அவனுக்கு அந்த மரமே இல்லை. அதனால் நடவு நாளை நிறுத்தவில்லை. ஆனால் தண்ணீர் ஊற்ற ஆள் பெயர் எழுதப்பட்ட கன்றை மட்டும்தான் வைக்கிறோம். போன தடவை பன்னிரண்டு. சிலருக்கு ஏமாற்றமாக இருந்தது. பன்னிரண்டுக்கா இவ்வளவு பேர் வந்தோம் என்றார்கள். அவர்களை மூடாக்குப் போடக் கூட்டிக்கொண்டு போனோம், அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொரு கேள்வியும் எழுந்தது, அதை என்னால் இன்னும் தீர்க்க முடியவில்லை. நாங்கள் இவ்வளவு செய்தால், இனி இந்தப் பூங்காவுக்கு ஆள் எதற்கு என்று மேலே யாராவது நினைத்துவிட்டால்? அக்காவின் வேலைக்கே நாங்கள் உலை வைத்தவர்களாகிவிடுவோம். அதனால் கூட்டுவது, குப்பை அகற்றுவது இரண்டையும் நாங்கள் கையில் எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். எழுதும் கடிதங்களில் எல்லாம் கூடுதல் பணியாளர் வேண்டும் என்பதையே முதல் வரியாக வைக்கிறோம். இது போதுமா தெரியவில்லை. ஆனால் இதைப் பற்றி யோசிக்காமல் துடைப்பத்தை எடுக்கும் தன்னார்வலர் குழுக்களைப் பார்த்தால் இப்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

கயிறு

கவாத்து, அதாவது மரத்தின் கிளைகளை வெட்டிச் சீர்செய்வது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய மரம் ஒன்றில் தாழ்ந்திருந்த கிளையைத் தண்டோடு ஒட்ட வழவழப்பாக அறுத்து, வெட்டுவாயில் பெயிண்ட் அடித்தவர்களும் நாங்கள்தான். காயத்துக்கு மருந்து போடுவதாக நினைப்பு. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று காட்டினார். அந்தச் சுவரைக் கட்டுவதில் முக்கியமானது கிளையின் அடியில் இருக்கும் புடைப்பு. நாங்கள் அறுத்துத் தள்ளியது அந்தப் புடைப்பைத்தான். பெயிண்ட்டால் பயனும் இல்லை. அந்த மரம் இன்னும் நிற்கிறது. பக்கத்தில் போகும்போதெல்லாம் அந்த வெட்டுவாயின் ஓரம் உருண்டு மூடிவருகிறதா என்று தடவிப் பார்ப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது.

போன மாதம் ஒரு நாள் சாயங்காலம், மழை பெய்து ஓய்ந்திருந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியமே இல்லாத நாள். சும்மா ஒரு சுற்று வரலாம் என்று போனேன். பின்வாசல் பக்கம் அந்தப் பையன் பையை முதுகில் மாட்டிக்கொண்டே வேம்பின் முன்னால் குனிந்து நின்றிருந்தான். இப்போது அந்த மரம் அவனைவிட உயரம். முட்டுக்கம்போடு சேர்த்துக் கட்டியிருந்த கயிற்றுக்குள் விரலை நுழைக்கப் பார்க்கிறான், நுழையவில்லை. தண்டு பருத்துவிட்டது. கயிறு பட்டையில் ஒரு கோடாகப் பதிந்திருந்தது.

"அண்ணா, இது மரத்தை இறுக்குது. அறுத்துடலாமா?"

கம்பு ஒரு வருடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. காற்றில் ஆடினால்தான் தண்டு வலுக்கும், வேரும் பிடிக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். வாரம் இரண்டு தடவை இந்த வழியாகப் போகிறேன், கயிற்றைக் கவனிக்கவில்லை. சாவிக்கொத்தில் இருந்த சின்னக் கத்தியை அவனிடம் கொடுத்தேன். பட்டையில் படாமல், கம்பின் பக்கமாக வைத்து மெதுவாக அறுத்தான். கயிறு விடுபட்டதும் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவன் சட்டென்று இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துக்கொண்டான்.

"விடு. பார்ப்போம்."

விட்டான். இலையில் தங்கியிருந்த மழைநீர் எங்கள் இருவர் மேலும் கொட்டியது. மரம் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, லேசான சாய்வோடு நின்றது. கம்பைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டான். இருக்கட்டும், ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றேன். நோட்டை எடுத்து, முழங்காலில் வைத்து, தேதி போட்டு எழுதினான்: கயிறு அறுத்தோம்.